செக்‌ஷன் சாரும் லைசென்ஸ் இல்லாத ஜிம்மியும்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எந்தக் கோழியைக் கேட்டிருந்தாலும் செக்‌ஷன் சார் வீட்டுக்கு வழி சொல்லியிருக்கும். எண்பதுகளில், எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது என் சந்தேகம். வாயைத் திறந்தால் மிருகவதைத் தடைச் சட்டம், பதினோராவது செக்‌ஷன். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒருநாள் கரையான்சாவடியில், சைக்கிள் ஹேண்டில்பாரில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு வந்தவரை மறித்தார்.

"இப்படித் தொங்கவிட்டா குத்தம், தெரியுமா? பதினொண்ணாவது செக்‌ஷன்."

"அப்ப இன்னா அண்ணாத்தே, கேரியர்ல குந்த வெச்சு இட்டுகினு போவட்டா?"

"கூடையில வெச்சுக் கொண்டு போ."

கூடை இல்லை. ஆகவே இவரே கோழிகளை மார்போடு அணைத்துக்கொண்டு கடைவரைக்கும் நடந்தார். வெள்ளைச் சட்டை அன்றோடு போயிற்று. எதிரே வந்த நான், தெரியாதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னையும் அவர் விடவில்லை. எங்கள் நாய் ஜிம்மிக்குச் சோறு போட்டால் கடமை முடிந்தது என்று இருந்தவள் நான்.

"தங்கச்சி, சோறு போட்டா மட்டும் வளர்க்கிறதாயிடுமா? வெறிநாய் ஊசி போட்டாச்சா? லைசென்ஸ் எடுத்துக் கழுத்துல வில்லை மாட்டியாச்சா?"

"அடுத்த வாரம் சார்" என்பேன். இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வரும். அப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன்.

ஒரு காலையில் நகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டி வந்துவிட்டது. வில்லை இல்லாத நாய் அதில் ஏறினால் உயிரோடு திரும்பாது; அந்தக் காலத்து நடைமுறை அது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடுவதற்குள் ஜிம்மியின் கழுத்தில் சுருக்கு விழுந்திருந்தது.

"எங்க வீட்டு நாய்ப்பா, விட்டுடு."

"வில்லை இருக்குதாம்மா?"

ஜிம்மி என்னையே பார்த்தது. வண்டியின் கதவைத் திறந்தார்கள்.

டூட்டிக்குக் கிளம்பிய செக்‌ஷன் சார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், செத்தேன். சட்டைப் பையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்தார். நம்பர் பொறித்த அந்த டோக்கனைக் கேட்டில் போட்டால்தான் ஃபேக்டரிக்குள் விடுவார்கள். அதை ஒரு கயிற்றில் கோத்து ஜிம்மியின் கழுத்தில் கட்டினார்.

"இது நாய் வில்லையா சார்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நெற்றியெல்லாம் வியர்வை. ஃபேக்டரி சங்கு ஊத ஆரம்பித்தது.

"நம்பர் இருக்குல்ல, எழுதிக்க. இந்த நாய் யாரைக் கடிச்சாலும் அந்த நம்பர் ஆளுதான் பொறுப்பு."

வண்டிக்காரர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நாயும் டூட்டிக்குப் போவுதா?" என்று சிரித்துவிட்டுச் சுருக்கைத் தளர்த்தினார். "சாய்ந்தரத்துக்குள்ள ஒரிஜினல் வில்லையை மாட்டிடு. நாளிக்கும் இதே தெருவுக்குத்தான் வரேன்."

அதற்குள் ஃபேக்டரி கேட்டைச் சாத்திவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சாருக்கு அதுதான் முதல் ஆப்சென்ட். என்னையும் ஜிம்மியையும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் நகராட்சி ஆபீசுக்கும் நடத்தியே கூட்டிப்போனார். வழியெல்லாம் எனக்குத் திட்டு. அழுதுகொண்டே கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

அதன்பிறகு ஜிம்மிக்குச் சாப்பாடு மட்டும்தான் எங்கள் வீட்டில். படுக்கை அவர் வாசலில். நானும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். எனக்கும் ஒன்று இருந்திருந்தால் ஆட்டியிருப்பேன்.