தார்க்குச்சியில் சுற்றிய தலை

சுருட்டை முடியோடு பிறந்தவளுக்கு வாழ்நாள் முழுக்க இரண்டே வேலை. ஒன்று, அதை நீட்டுவது. இன்னொன்று, நீட்டியதை மறுபடி சுருட்டுவது. இரண்டையும் செய்து பார்த்துக் களைத்துப்போனவள் நான்.

திருப்பதியில் ஒரு பார்லரில் அரை நாள் உட்கார்ந்து, மூக்கெரியும் மருந்தைப் பூசிக்கொண்டு, முடியை நேராக்கிக்கொண்டு நகரிக்குத் திரும்பினேன். கொஞ்ச நாளில் தங்கை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு புத்தூர். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர். பெண் பார்க்கக் கிளம்பும்போது யாரோ தும்மினார்கள் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டவர். "அன்னிக்கி ஏடாகூடமா எதுவும் நடக்கக்கூடாது" என்று நைனா எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். (என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.)

நிச்சயத்தன்று காலையில்தான் எனக்குச் சுருள் சுருளாய்க் கூந்தல் வேண்டும் என்று தோன்றித் தொலைத்தது. போன் வீடியோவில் ஒரு பெண் ஈர முடியை ரோலரில் சுற்றி, காயவைத்து, உருவினாள். தோளில் அலை அலையாய் விழுந்தது.

"முன்ன சுருட்டையாத்தானே இருந்துச்சி? அத்த ஏன் நீட்டிக்கினு வந்தே?" என்றாள் அம்மா.

"அது வேற சுருட்டை, இது வேற சுருட்டைம்மா."

என்னோடு பேசி ஜெயித்த அனுபவம் அம்மாவுக்குக் கிடையாது.

எங்களிடம் ரோலர் இல்லை. ஆனால் விசைத்தறி ஓடும் வீட்டில் தார்க்குச்சிக்குப் பஞ்சமா? ஊடை நூலைச் சுற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சி, கூடை கூடையாய்க் கிடந்தது. அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் தார் சுற்றுகிறவள். கைப்பழக்கம் விடுமா? என் முடியையும் இழுத்து இறுக்கி, குறுக்கும் மறுக்குமாய்ச் சுற்றி, அவிழாதபடி நுனியை உள்ளே செருகினாள். எட்டிப் பார்த்த நைனா, "வெறும் தண்ணி நிக்காது. பாவு நூலுக்குப் போட்ற கஞ்சிய தடவு, வெறைப்பா நிக்கும்" என்றார். தடவினோம். அது நூலல்ல, தலை என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். அப்பளம் போலக் காய்ந்தது. கார் வாசலில் வந்து நின்றபோது அம்மா முதல் குச்சியை உருவினாள். வரவில்லை. நூல் நழுவாமல் இருக்கத் தார்க்குச்சியில் வரிவரியாய் வெட்டு இருக்கும். அது அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வெந்நீர் ஊற்றினோம். கஞ்சி இளகியது. ஆனால் பார்லர் மருந்தில் நைந்திருந்த முடி குச்சியோடு சேர்ந்து அறுந்து வந்தது.

பட்டுப்புடவையில் கதவோரம் நின்ற கவிதா, "அக்கா, என் நிச்சயம் நின்னுடுமா?" என்றாள். அவள் அழாமல் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நைனா தறிக் கத்தரியை எடுத்தார். அவர் முடித்தபோது என் தலை ஆடு மேய்ந்த காடு. தெருமுனை சலூன்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பக்தியோடு, "மொக்கா அம்மா?" என்றார். (வேண்டுதலா என்று தெலுங்கில் கேட்கிறாராம்.)

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆமாய்யா, வேண்டுதல்தான்!"

புத்தூர் மண்டபத்தில் மொட்டைத்தலையும் சந்தனமுமாய் இறங்கினேன். "தங்கச்சிக்கு நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கினா. காலைலதான் மலைக்குப் போய் குடுத்துட்டு வந்தா" என்று அம்மா ஒரே மூச்சில் ஒப்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா உருகிப்போய் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"லட்டு எங்கம்மா?"

எங்கள் பக்கம் மொட்டையைப் பார்த்தால் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். அம்மா அதை மறந்துவிட்டாள். "அவசரத்துல வூட்லயே வெச்சிட்டு வந்துட்டோம்" என்று நைனா சமாளித்தார். அந்த அம்மாள் என் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் எதையோ முந்தானையால் துடைத்தார். பிறகு, "சரி, தட்ட மாத்துங்க" என்றார்.

எங்களுக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குத் தூக்கம் போனது. பெருமாள் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னோமே, கொடுக்காத மொட்டையைக் கொடுத்தே தீரவேண்டும் என்றாள். கவிதாவின் கல்யாணம் முடிந்து, என் முடி கழுத்துவரை வளர்ந்ததும் (சுருட்டையாகத்தான்) திருமலைக்கு இழுத்துப்போனாள். கவிதாவின் மாமியாரும் துணைக்கு வந்தார்.

மொட்டையடிக்க உட்கார்ந்து பாதித் தலை போன பிறகு, அந்த மாமியார் என் காதருகே குனிந்தார். "அன்னிக்கி உன் காதாண்ட பாவுக்கஞ்சி காஞ்சிக்கினு இருந்துச்சிம்மா. எங்க வூட்லயும் தறிதானே ஓடுது, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தட்டு மாத்தினீங்க?"

"வேண்டுதல் பொய்யின்னாலும் தலை நெசமாத்தானே போச்சி? தங்கச்சிக்காவ எவ அந்தக் கோலத்துல சபையில வந்து நிப்பா?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த நொடி கோபமும் வந்தது. "அப்போ இத்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை, இந்த மொட்டையாவது மிஞ்சியிருக்கும்!"

"சாமிகிட்ட சொன்னத நான் எப்பிடிம்மா தள்ளுபடி பண்றது?" என்றார்.

இப்போது என் முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. போனில் பார்த்த அதே சுருள், அலை அலையாய். கவிதாவின் புத்தூர் வீட்டுக்குப் போய் நான் சீப்பை எடுத்தாலே, "கஞ்சி காய்ச்சட்டுமா?" என்று சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வரும். என் முடி அழகாயிருக்கிறது என்று மட்டும் அந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. உங்கம்மா நல்லா தார் சுத்தியிருக்காங்க என்கிறார்கள்.