நாற்பது கத்திக்குக் கரி வைத்தியம்

"அண்ணே, இது கத்தியா, கரண்டியா? பட்டைய சீவச் சொன்னா தடவிக் குடுக்குது!"

மல்லிகா தன் பால்வெட்டுக் கத்தியைப் பட்டறை மேசையில் போட்டாள். புளத்கொகுபிட்டியப் பக்கத்து றப்பர்த் தோட்டத்துக்கு இந்திரகுமார்தான் ஃபிட்டர். கம்பனி புதிதாய் அனுப்பிய நாற்பது கத்திகளும் அதே இலட்சணம். பால் குறைந்தவர்களுக்கெல்லாம் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்துகொண்டிருந்தது.

"சூடு பத்தல. நாற்பதையும் கொண்டாங்க," என்றான் இந்திரகுமார்.

துருத்தி ஊதி, சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கிக் கொடுத்தான். மறுநாளே மல்லிகா வந்தாள்.

"முந்தி தடவுச்சு. இப்ப கொஞ்சுதுண்ணே."

கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது எழுதிய கொப்பியைத் தேடி எடுத்தான். திறந்த நெருப்பில் நெடுநேரம் கிடந்தால் உருக்கின் மேற்பரப்பிலுள்ள காபனைக் காற்று தின்றுவிடும், மேல்பகுதி மெத்தென்று போய்விடும் என்று அவன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கத்தி செய்தவன் காற்றுக்கு முதல் பந்தி வைத்திருக்கிறான். இவன் இரண்டாம் பந்தி பரிமாறியிருக்கிறான்!

"போன காபனத் திரும்ப ஏத்திட்டாப் போச்சு!"

இரும்புப் பெட்டியில் சிரட்டைக்கரித் தூளைக் கொட்டி, கத்திகளைப் புதைத்து, களிமண் பூசி உலையில் வைத்தான். எத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்த இடத்தில் தேத்தண்ணிக் கறை. கூடினால் நல்லதுதானே என்று காலையில் வைத்ததைப் பொழுது சாயத்தான் எடுத்துத் தண்ணீரில் முக்கினான்.

இம்முறை கத்தி கண்ணாடியையே கீறியது. கண்ணாடி மாதிரியே உடையவும் செய்தது. பட்டையில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டதும் மல்லிகாவின் கத்தி சில்லுச் சில்லாய் உதிர்ந்தது. மாலைக்குள் பாதிக் கத்திகள் பட்டறைக்குத் திரும்பின.

"நாளைக்குக் கம்பனி டைரக்டர் வாறாரு," என்றார் தோட்டத்து மானேஜரான பெரிய தொரை. "ஒரு கத்தியாவது வெட்டணும். இல்லாட்டி..." மீதியை இந்திரகுமாரே நிரப்பிக்கொண்டான்.

காலையில் கணக்கப்பிள்ளை கந்தையா மூச்சிரைக்க ஓடிவந்தார். "தொரை, பால்வெட்டுற மூக்காயி கத்தி வாழைத்தண்டு சீவுறாப்புல சீவுதுங்க! நேத்துப் பால் எடையிலயும் அவதான் முதல்!"

இந்திரகுமாருக்குப் போன உயிர் திரும்பியது. டைரக்டரோடு எல்லோரும் மலையேறினார்கள். மூக்காயி ஒரே இழுப்பில் பட்டையைச் சீவ, பால் வெள்ளையாய் வழிந்தது.

"எங்க பட்டறையோட புது முறை, சேர்," என்றார் தொரை.

"காபன் ஏத்துறதுங்க சேர்," என்று இந்திரகுமார் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஹரி ஷோக்! ரொம்ப நல்லாருக்கு! எல்லாத் தோட்டத்துக் கத்தியும் இனி இவருக்கே அனுப்புங்க," என்ற டைரக்டர், மூக்காயியைப் பார்த்துச் சிரித்தார். "ஃபிட்டர் நல்லாச் செஞ்சிருக்காரு, இல்ல?"

மூக்காயி கத்தியைச் சேலையில் துடைத்தாள்.

"இது பட்டறைக்கே போகலீங்களே! புதுசு வந்தன்னையிலேருந்து கல்லுல தேச்சேன், மெத்துன மேல்தோலு போயி உள்ளேருந்து நல்ல உருக்கு வந்திருச்சு. அண்ணன் கேட்டப்ப, பாவம் இதையும் கெடுத்துருவாருன்னு எங்க பழைய கத்திய நீட்டிட்டேனுங்க."