கேபினில் உட்கார்ந்திருப்பவர்

சைனிக்புரி,
செகந்திராபாத்.

சிரஞ்சீவி அம்பிக்கு, அத்திம்பேர் சௌந்தரராஜன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நானும் உன் அக்கா கல்பகமும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நான் ரிட்டயரானபோது நீ வாங்கித் தந்த காமிராவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பறவைகளைப் படம் எடுங்கோ என்றாய். பறவை எங்கே நிற்கிறது? கூட்ஸ் வண்டி அப்படியில்லை, சாவகாசமாக, மரியாதையாகப் போகும். அல்வால் ஸ்டேஷன் பக்கம் நின்று, நிலக்கரியும் சிமென்டும் ஏற்றிப் போகிற வண்டிகளை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரிட்டயரான எனக்கு ரிட்டயரான இன்ஜின்களையும் பார்க்க ஆசை வந்துவிட்டது. உடைப்பதற்காக ஒதுக்கிய டீசல் இன்ஜின்கள் ஊருக்கு வெளியே ஓரிடத்தில் நிற்கின்றன. முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு போய், துருப்பிடித்த ஒன்றைப் பட்டப்பகலில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், டிரைவர் இடத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்.

வெயிலுக்கு ஒதுங்கியவராக இருக்கும் என்று நினைத்து, மறுநாள் காவலாளி சலீமிடம் புகார் சொன்னேன். அவர் கேபின் கதவைத் திறந்து காட்டினார். சீட்டையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், உட்காரவே இடமில்லை. படத்தைக் காட்டினேன். "நக்கோ சாப்", வேண்டாம் ஐயா, என்றார். அவ்வளவுதான், தன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

படத்தைப் பார்த்து உன் அக்கா பயந்தாளா என்றால் இல்லை. முகம் வாடியிருக்கிறது, மனுஷர் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ என்றாள். அடுத்த தடவை புளியோதரை கட்டிக்கொண்டு கூடவே வந்து இன்ஜின் படியில் வைத்தாள். இதெல்லாம் வேண்டாம், பழக்கிவிடாதே என்று கெஞ்சினேன். ஒரு படமும் எடுத்தேன். அதில் நீலச் சட்டைக்காரர் எழுந்து கேபின் வாசலுக்கு வந்து, என்னை விட்டுவிட்டு உன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரமே இன்ஜினை உடைக்கக் கொண்டுபோகிறார்கள் என்று சலீம் தூரத்தில் நின்றபடியே சொன்னார். கல்பகம் என்ன செய்தாள் தெரியுமா? காலிக் கேபினை நிமிர்ந்து பார்த்து, "அப்புறம் நீங்க எங்கே போவேள்?" என்று கேட்டாள். பேட்டரிகூட இல்லாத இன்ஜின், அம்பி. அதன் ஹாரன் தாழ்ந்த குரலில் ஒருதரம் முனகியது. சலீம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே உடனே புறப்பட்டு வந்து இந்தக் காமிராவை எடுத்துக்கொண்டு போய்விடு. கூரியரில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. உன் ஆத்துக்காரி ஹம்ஸினிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்,
சௌந்தரராஜன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் வேறொரு இன்ஜின் வந்து அந்தத் துருப்பிடித்த இன்ஜினை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசியாக ஒரு படம் எடுத்தேன். கேபின் காலி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எங்கள் வீட்டு வாசலில் கல்பகத்தை நிறுத்தி ஒன்று எடுத்தேன். படத்தில் அவளுக்குப் பின்னால், கையில் தகரப் பெட்டியோடு, நீலச் சட்டைக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். கல்பகம் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டிருக்கிறாள். நீ இப்போதைக்கு வர வேண்டாம். மாடி அறை காலியில்லை.