ஜனவரிக்குப் பிறகு ஜனவரி

இணையத்தில் கிடைக்கும் நிரல் எல்லாம் கடற்கரைக் காற்று மாதிரி, யார் வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஓப்பன் சோர்ஸ் என்றால் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். திறந்த வீட்டில் நுழைவது திருட்டா? (அன்றைய என் சட்ட அறிவு அவ்வளவுதான்.)

இரண்டாயிரங்களில் மூலக்குளத்தில், டயர் கடை மாடியில் எங்கள் கம்பெனி. ஓட்டல் அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதினோம். அதில் காலண்டர் பகுதி எனக்கும் பக்கத்து சீட் ஸ்டெல்லாவுக்கும். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியதை இணையத்திலிருந்து இறக்கி, இருவரும் தட்டிக்கொட்டிப் பொருத்தினோம். அதன் உச்சியில் அவர் பெயரும் ஏகப்பட்ட நிபந்தனைகளும் இருந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாமல் அழித்துவிட்டு, 'எழுதியவர்கள்: ஏழுமலை, ஸ்டெல்லா' என்று போட்டேன்.

கல்யாணப் பத்திரிகையில் அப்படி வராது என்று தெரியும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் எங்களுடையது; அவள் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு குடியுரிமை. மாப்பிள்ளை பிரான்சிலேயே பார்த்தாயிற்று. பிப்ரவரியில் விமானம்.

அப்போதுதான் எங்கள் மென்பொருளை வாங்க வந்த பாரிஸ்காரர் நிபந்தனை போட்டார். நிரல் முழுவதையும் ஸ்கேன் செய்து, எந்த வரி யாருடையது, அவர் என்ன உரிமம் கொடுத்திருக்கிறார் என்று காட்ட வேண்டுமாம். பிரெஞ்சு தெரியும் என்பதால் முதலாளி அந்த வேலையை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து, ஸ்கேனருக்கு அடையாளம் தெரியாதபடி நிரலில் இருந்த பெயர்களை எல்லாம் மாற்றினேன். மாதத்துக்கு 'சாம்பார்'. வாரத்துக்கு 'ரசம்'. (பசி.)

சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஏழுமலை, இங்க வா. இன்னா இது, சாம்பாரு?"

"சும்மா."

"சும்மாவா? ஜனவரிக்கு அப்புறம் திரும்ப ஜனவரியே வருது."

அவசரத்தில் ஏதோ ஓரிடத்தில் மாதத்தைச் சாம்பாராக மாற்றாமல் விட்டிருக்கிறேன். சமாளிக்கத் தெரியாமல், "வந்தா வரட்டுமே," என்றேன்.

அவள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "காலண்டர மாத்தினா டிக்கெட்டு மாறுமாடா?"

நான் பேச்சை மாற்றினேன். "ஸ்கேன்ல மாட்டிக்குச்சா?"

"மொத வேலையா மாட்டிச்சு. நீ தொடாத வரிங்களே போதும் அதுக்கு."

"ஜெயிலா?"

"லூசு. எழுதினவரு பேரையும் நிபந்தனையையும் எடுத்த எடத்துலயே திருப்பி வைக்கணும். நாம மாத்தினத வெளிய எல்லாருக்கும் திறந்து வைக்கணும். மாத்தினது யாருன்னும் போடணும்."

"யாரு பேரு போடுவ?"

"ரெண்டு பேருந்தானே மாத்தினோம்," என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். வருஷா வருஷம் ஜனவரி முடிந்ததும், சுவர் காலண்டர் தாளில் கையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எதிரில் கேட்பாள்: "கிழிக்கட்டுமா, இல்ல இன்னொரு ஜனவரி இருக்கட்டுமா?"

போலீஸ் வரவில்லை. பாரிஸ்காரர் வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லா பிப்ரவரியில் போய்விட்டாள். அந்தக் காலண்டர் நிரல் இன்னும் இணையத்தில் இருக்கிறது. உச்சியில் முன்பின் தெரியாத ஒருவர் பெயர். அதற்குக் கீழே, ஒரே வரியில், எங்கள் பெயர்கள்.