ஒல்லிக் கட்டைகளுக்கு ஒரு நிபந்தனை

கஷ்டப்பட்டவர் என்று ஓர் இனம் இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஷ்டப்படுகிறவர்களுக்குப் பேச நேரம் இருப்பதில்லை. கஷ்டப்பட்டவருக்கோ பேசுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. எப்போதோ பட்ட கஷ்டத்தைத் துடைத்து, மெருகேற்றி, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, அதே மாதிரி ஒன்று உங்கள் வீட்டில் இல்லையே என்று வருத்தப்படுவார். வருத்தத்தோடு நிறுத்தவும் மாட்டார். உங்களுக்கும் ஒன்று கிடைக்க ஏற்பாடு செய்வார்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணை வாரம் முழுக்க ஃபோட்டோஸ்டாட் மெஷினோடு கட்டிப்போடும் மேனேஜர் இந்த இனம். இளம் டாக்டரைத் தூங்கவிடாமல் வேலை வாங்கிவிட்டு, அவர் நின்றபடியே கண்ணயரும்போது "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கும் பெரிய டாக்டர் இந்த இனம். ஆனாலும் முழு வளர்ச்சியடைந்த ஒரு மாதிரியைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டால், நீங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபைக்குத்தான் வர வேண்டும். அங்கே நாற்பது வருஷம் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசித்தவர் ஜெயராஜ் மாஸ்டர்.

குள்ளமான மனிதர். உடம்புக்கு ஏற்ற சின்னக் கை. அந்தச் சின்னக் கையின் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிட்டது. ஆர்கன் கட்டைகளை எட்டிப் பிடிக்க நாற்பது வருஷம் அதை இழுத்த இழுப்பு அப்படி. கை குலுக்க வந்தவர்களிடமும் மாஸ்டர் முதலில் அந்த விரலைத்தான் நீட்டுவார். கல்யாண வீடு, துக்க வீடு, வங்கி வரிசை, எங்கே என்றாலும் சரி. "இது என்ன தெரியுமா?" என்பார். தெரியும் என்று சொல்லித் தப்பித்தவர் யாரும் இல்லை.

அவருடைய வாசிப்பில் ஓர் அலை உண்டு என்று சபையில் பேச்சு. இடது கைக்குப் பெரிய சுரக்கூட்டு ஒன்று வந்தால், எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்றுதான் தாளில் எழுதியிருக்கும். மாஸ்டர் அப்படிச் செய்யமாட்டார். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போவார். சபையார் கண்ணை மூடுவார்கள். ஆன்டிமார் கைக்குட்டை எடுப்பார்கள். அது என்ன ஆழம், என்ன உருக்கம் என்று வெளியே வந்து பேசிக்கொள்வார்கள். உண்மை இவ்வளவுதான்: கை எட்டவில்லை.

எட்டாத கைக்கு அது நல்ல உபாயம். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் அடுத்த படியில் ஆரம்பித்தது. காப்பார் பட்டணத்திலிருந்து ஒருவன் மாஸ்டரிடம் படிக்க வந்தான். வாழைச் சீப்பு மாதிரிக் கை அவனுக்கு. பத்துக் கட்டைத் தூரத்தை அலட்சியமாக ஒரே அழுத்தில் பிடித்தான். "உணர்ச்சி இல்ல," என்றார் மாஸ்டர். "உருட்டு." உருட்டினான். அப்படியாக, எட்டாத கையின் குறை எட்டுகிற கைக்கும் பாடத்திட்டமாயிற்று.

விரல் அடியோடு மக்கர் செய்த பிறகு மாஸ்டர் ஓய்வு பெற்றார். ஆர்கன் அமுதவள்ளியின் பொறுப்புக்கு வந்தது. காஜாங்கில் ஒரு பல் மருத்துவக் கிளினிக்கில் நர்ஸ். வாரம் முழுக்கக் கருவி பிடிக்கிற கை. ஞாயிற்றுக்கிழமை அதே கை ஆர்கன் வாசிக்கும். அவளுடைய கை மாஸ்டருடையதைவிட இன்னும் ஒரு விரற்கடை சின்னது. வாசிப்போ, சொல்லக் கூடாதுதான், மாஸ்டருடையதைவிட ஒரு படி மேல்.

இந்த நிலையில் கரையான் வந்தது. கரையானுக்குப் பாரம்பரியம் தெரியாது, பெரியவர்கள் முகம் தெரியாது. ஆர்கனின் உலோகக் குழாய்களை விட்டுவிட்டு மரக்கட்டைகளை மட்டும் வரிசையாகத் தின்று முடித்தது. கட்டைப் பலகை முழுவதையும் புதிதாகச் செய்தாக வேண்டும். சபைக் கமிட்டி, கிள்ளானிலிருந்து யுகேந்திரனைக் கூப்பிட்டது. கிச்சன் கேபினட் செய்து பிழைப்பவன். பியானோ, ஆர்கன் பழுது பார்ப்பதும் உண்டு. அடக்கம் என்ற சாமான் அவனிடம் ஸ்டாக்கில் இல்லை.

"புதுசாத்தானே செய்யப் போறோம்?" என்றான் கமிட்டிக் கூட்டத்தில். "வாசிக்கிறவங்க கைக்கு ஏத்த மாதிரி செஞ்சா என்ன? முன்பக்கம் ஒல்லியா வச்சு, பின்பக்கம் விசிறி மாதிரி விரிச்சு விட்டா, உள்ளுக்குள்ள பழைய எடத்துலயே போய்த் தொடும். சத்தத்துல ஒரு மாத்தமும் வராது. நான் செஞ்சா வராது லா, மத்தவன் செஞ்சா கேரண்டி இல்ல."

தலைவர் சின்னையா, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் இரண்டு தண்டவாளங்களாகப் பிரித்து நடுவில் நிற்பது அவர் வழக்கம். "ரெண்டு பக்கமும் பார்க்கணும்," என்றார்.

அமுதவள்ளி எழுந்தாள். "அங்கிள், டாக்டர் சொல்லிட்டாரு. தசைநார் வீங்கியிருக்காம். இந்தக் கட்டையில இப்படியே விரிச்சு விரிச்சு வாசிச்சா, ஒரு நாள் கிளினிக்ல கருவியே பிடிக்க முடியாதாம். ஆர்கனையும் விட மனசு வரல. கட்டைய மாத்தினா ரெண்டும் நிக்கும்."

ஜெயராஜ் மாஸ்டர் விரலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது என்ன தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர்," என்றது கமிட்டி முழுதும்.

"எனக்கு வலிக்கலயா? நான் கட்டைய மாத்தச் சொன்னேனா? வலிக்குதுன்னா சரியா வாசிக்கிறோம்னு அர்த்தம்மா."

"அப்ப செருப்பு கடிச்சா சரியா நடக்கிறோம்னு அர்த்தமா மாஸ்டர்?" என்றான் யுகேந்திரன்.

"தம்பி, இது ஸ்டாண்டர்ட் அளவு. உலகம் பூரா இதுதான்."

"யாரு கைக்கு ஸ்டாண்டர்ட்? அந்தக் காலத்துல ஆளுக்கு ஓர் அளவுல செஞ்சானுங்க. அப்புறம் கம்பெனி வந்துச்சு, நீட்டக் கை ஆம்பளைங்களுக்குத் தோதா ஓர் அளவு நின்னு போச்சு. சாமி வந்து அளந்து குடுத்திச்சா?"

"கை பத்தலன்னா பத்துற கைக்கு விட்டுக்கொடுக்கணும்," என்றார் மாஸ்டர், யுகேந்திரனைப் பார்க்காமல். "மரத்தைச் செதுக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மரத்தைச் செதுக்கக் கூடாது. ஒரு பெண்ணின் தசைநார் கிழியலாம், அதில் ஆட்சேபணை இல்லை. மரத்துக்கு வலிக்கும் அல்லவா?

சின்னையா நடுவில் வந்தார். யுகேந்திரன் மாதிரிக்கு ஒரு கட்டைப் பலகை செய்துவைப்பது, மாஸ்டர் போய்ப் பார்த்து வந்து கருத்துச் சொல்வது என்று முடிவாயிற்று. அமுதவள்ளியின் கையைப் பற்றி மாஸ்டரின் கருத்து. அமுதவள்ளியின் கருத்து பதிவாகவில்லை. கை அவளுடையதுதானே, அதனால்தான்.

மாஸ்டர் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனார். ரயிலிலேயே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார். பட்டறையில் மரத்தூள் வாசம். பாதி முடிந்த அலமாரிகளுக்கு நடுவே, ஒரு பழைய எலெக்ட்ரிக் ஆர்கனின் உடம்பில் புதுக் கட்டைகளைப் பொருத்தி வைத்திருந்தான் யுகேந்திரன். ஒவ்வொரு கட்டையும் வழக்கத்தைவிட ஒல்லி. பார்த்தால் குழந்தை விளையாட்டுச் சாமான் போல இருந்தது. மாஸ்டருக்குத் திருப்தி. தீர்ப்பில் சேர்க்க ஒரு வரி கிடைத்தது.

"ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க லா மாஸ்டர். வாசிச்சா செத்தா போயிருவீங்க?"

அதற்குள் யாரோ சிங்க் அளவு கேட்டு ஃபோன் செய்தார்கள். யுகேந்திரன் வெளியே போனான்.

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார்ந்தார். இடது கையை வைத்தார். நாற்பது வருஷமாக உருட்டிய அதே சுரக்கூட்டுக்கு விரல்கள் தானாக விரிந்தன, இழுப்புக்குத் தயாராகச் சுண்டுவிரல் பல்லைக் கடித்துக்கொண்டது, இழுப்பு வரவில்லை. கட்டை அங்கேயே இருந்தது. விரலுக்கடியிலேயே இருந்தது. அழுத்தினார்.

எல்லாச் சுரமும் ஒன்றாக எழுந்தது.

தன் கையிலிருந்து இந்தச் சத்தம் வந்து அவர் கேட்டதே இல்லை. தூண் மாதிரி நின்றது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும். வளைந்த விரல்கூட வலிக்க மறந்துவிட்டது. ஒரு பாட்டு முழுதும் வாசித்தார், எங்கேயும் உருட்டாமல். கண்ணில் நீர் வந்தது. இத்தனை காலமும் மற்றவர்களுக்கு வரவழைத்த நீர் இன்றைக்கு முதல்முறையாக அவருக்கே வந்தது.

இந்த இடத்தில் மனிதனுக்கு முன்னால் இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்தால், "என் கையில் குறையே இல்லை, குறை மரத்தில். என்னை ஏன் நாற்பது வருஷம் வதைத்தார்கள்?" என்ற கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் நல்ல கோபம். உலகத்தில் இதுவரை எது மாறியிருக்கிறதோ அதெல்லாம் அந்தக் கோபத்தால் மாறியதுதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பெரிய நுழைவுக் கட்டணம்: பட்ட வலி அத்தனையும் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வலி வீண் என்றால், விரல் வெறும் விரல். வெறும் விரலை நீட்டினால் கல்யாண வீட்டில் யார் நின்று பார்ப்பார்கள்?

மாஸ்டர் இரண்டாவது கதவைத் திறந்தார்.

யுகேந்திரன் திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாஸ்டர்?"

"ரொம்ப சுலபமா இருக்கு."

"அலமாக், அதுக்குத்தானே செஞ்சது!"

"அதான் தப்பு."

அடுத்த கூட்டத்தில் மாஸ்டர் எழுந்து பேசினார். கஷ்டப்பட்டவர் பேசும் பேச்சு எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். இவரும் ஏமாற்றவில்லை. "நான் முன்னேத்தத்துக்கு எதிரி இல்ல." பிறகு சொன்னார்: யுகேந்திரன் இரண்டு கட்டைப் பலகைகளும் செய்யட்டும். மேசை டிராயர் மாதிரி ஒன்றை உருவி மற்றதைச் செருகிக்கொள்ளலாம். வழக்கமான அகலக் கட்டை ஆர்கனில் இருக்கும். ஒல்லிக் கட்டை அலமாரியில் பூட்டி இருக்கும். அகலக் கட்டையில் குறைந்தது பத்து வருஷம் வாசித்து, அதனால் கை கெட்டுப்போனது என்று டாக்டர் சான்று கொடுத்தவர்கள் மட்டும் அலமாரியைத் திறக்கலாம்.

அமுதவள்ளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்பவில்லை.

"அப்ப கை கெட்டுப்போன பிறகுதான், கை கெடாத கட்டை கிடைக்குமா மாஸ்டர்?"

"அப்பத்தாம்மா அதோட அருமை தெரியும்."

"கை கெட்டா எனக்கு வேலை போயிரும். அருமைய வச்சு நான் என்ன செய்ய?"

"எல்லாத்துக்கும் குறுக்கு வழி தேடுறீங்க லா இந்தக் காலத்துல," என்றார் பின்வரிசையில் ஒருவர். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு, லிஃப்டில் ஏறி, ஏசி அறையில் உட்கார்ந்து இதைச் சொன்னார்.

சின்னையாவுக்குப் பரம சந்தோஷம். வாழ்நாளில் இவ்வளவு கச்சிதமான நடுவழி அவர் கண்டதில்லை. "பொண்ணு கேட்ட கட்டையும் செய்யுறோம், மாஸ்டர் கேட்ட கட்டையும் செய்யுறோம். ரெண்டு பக்கமும் திருப்தி." கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

கட்டைகள் வந்து சேர்ந்த நாளில்தான் ஒரு கேள்வி எழுந்தது. சரி, தகுதி உள்ளவர்கள் யார் யார்? சபையில் ஆர்கன் வாசித்தவர்களை யோசித்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் வாசித்து, கையும் கெட்டவர். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

மாஸ்டர் குனிந்துகொண்டார். "சபை விரும்பினா... இந்த வயசுலயும் ஊழியம் செய்யச் சொன்னா... நான் என்ன சொல்ல?"

அவர் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நினைக்காதீர்கள். இந்த இனத்துக்கு அவ்வளவு தந்திரம் தேவையில்லை. ஊருக்கு முள்வேலி கட்டும்போது தாங்கள் நுழைய மட்டும் ஒரு கதவு விட்டுவைப்பது அவர்களுக்கு மூச்சு விடுவது போல. அலமாரிச் சாவி மாஸ்டரிடம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒல்லிக் கட்டையில் சுகமாக வாசித்தார். ஆராதனை முடிந்ததும் அதை உருவிப் பூட்டிவிட்டு, அமுதவள்ளி பழகுவதற்காக அகலக் கட்டையைத் தன் கையாலேயே செருகிவைத்தார். "பழகும்மா. பத்து வருஷம் பறந்துரும்."

அமுதவள்ளி பழகவில்லை. கையில் தாங்குபட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். கருவி பிடிக்க முடிகிறது. யுகேந்திரன் ஃபோன் செய்து, "உனக்குன்னு இன்னொரு செட் செஞ்சு தரேன்," என்றான். "அத எங்க அண்ணே செருகுறது? எனக்கு ஆர்கன் ஏது?" என்று கேட்டாள். இப்போது அவள் கிள்ளானில் வேறொரு சபைக்குப் போகிறாள். அங்கே ஆர்கனே கிடையாது. பாட்டுக் குழுவில் நின்று பாடுகிறாள். தொண்டைக்கு இன்னும் யாரும் ஸ்டாண்டர்ட் அளவு கண்டுபிடிக்கவில்லை.

மாஸ்டர் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறது. நல்லது, வரட்டும். போவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்தில் யாரும் இல்லை, உண்மையைச் சொல்லலாம். இந்தப் பெண்ணுக்குக் கை வலிக்கிறது, அதனால் சின்னக் கட்டை கேட்கிறாள் என்று படித்தீர்களே, அந்த இடத்தில், ஒரு நொடி, முழு நொடிகூட வேண்டாம், "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் பழகிவிடாதா?" என்று தோன்றவில்லையா?

தோன்றியதா?

அப்படியானால் கமிட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மனு மட்டும் போடுங்கள். உங்கள் தகுதிக்குப் போட்டியே இருக்காது.