பாரபட்சமற்ற படகோட்டி

உலகில் அப்பழுக்கில்லாமல் ஆளெடுத்த ஒரே தீவு எங்களுடையதுதான். தீவு மன்றத்தின் செயலாளன் என்ற முறையில் இதைத் தலைநிமிர்ந்து சொல்கிறேன்.

எங்கள் கரைக்குக் கப்பல் வராது. பவளப்பாறைக்கு வெளியே நிற்கும். பாறையின் ஒற்றை இடைவெளி வழியாகச் சரக்குப் படகை ஓட்டிப் போய், மாவையும் மனிதர்களையும் ஏற்றி வர வேண்டும். பழைய படகோட்டி ஓய்வு பெற்றபின் 'தற்காலிகமாக' ஓட்டிக்கொண்டிருந்தவள் என் அண்ணன் மகள் நோரோவா. வேலை நிரந்தரமாகாவிட்டால் பிள்ளைகளோடு அடுத்த கப்பலில் ஆக்லாந்துக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

முன்பென்றால் "அவளே ஓட்டட்டும்" என்று ஒரு வரியில் முடித்திருப்போம். எவ்வளவு காட்டுமிராண்டித்தனம்! நல்லவேளையாக, 'நேர்மையான தேர்வு முறை'யைக் கற்றுத்தர வெலிங்டனிலிருந்து டங்கன் என்ற நிபுணர் வந்து இறங்கினார். அவரைக் கரை சேர்த்ததும் நோரோவாதான்.

நாங்கள் ஐந்து பேர் தேர்வுக் குழுவாகக் கூடினோம். விண்ணப்பித்தவள் நோரோவா ஒருத்திதான். டங்கன் எழுந்தார்.

"விண்ணப்பிச்சவங்களோட யாருக்காவது உறவு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. உறவுக்காரங்க குழுவுல இருக்கக் கூடாது."

எங்களிடம் போய் யாராவது வம்சத்தைக் கேட்பார்களா? தேவாலய மூப்பர் ஙாமாரு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தோணியில் வந்து இறங்கிய மூதாதையிலிருந்து ஆரம்பித்தார். நோரோவாவிடம் வந்து சேரும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அவ எனக்குப் பேத்தி முறை!" என்றார், வெற்றியோடு.

மக்கிரோவா விடுவாளா? "பேத்தி முறைதானே? என் மடியில வச்சு டாரோக் கிழங்கு மசிச்சு ஊட்டின புள்ள அவ! எங்க வழக்கப்படி சோறு போட்டவ தாய். நான்தான் நெருக்கம்!"

"நான் அவ சித்தப்பா. என்னைவிட நெருக்கம் யாருடீ?" என்றேன் நான். தோற்க முடியுமா?

மற்ற இருவரும் சளைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஐந்து பேரும் உறவை நிரூபித்து, விதிப்படி பெருமையோடு வெளியேறினோம். உள்ளே மிஞ்சியது டங்கனும் நாற்காலிகளும்.

வாசலில் காத்திருந்த நோரோவா எட்டிப் பார்த்தாள். "ஐயா, ஆறு வருஷமா நான்தான் ஓட்டுறேன். வேணும்னா நாளைக்கு ஏறி வந்து பாருங்களேன்."

டங்கன் இரு காதையும் பொத்திக்கொண்டார். "அம்மா, அதையெல்லாம் சொல்லாதீங்க! கேட்டா என் மனசு உங்க பக்கம் சாஞ்சிடும்."

இப்படி ஒரு நேர்மையை நான் கண்டதில்லை. 'தகுதியான குழு இல்லாமையால் பணியிடம் நிரப்பப்படவில்லை' என்று முடிவாயிற்று. அன்றிரவு டங்கனுக்கு என் வீட்டில் விருந்து. என் மனைவி நண்டை உடைத்து உடைத்து அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் கப்பல் வந்தது. நோரோவா பிள்ளைகளையும் பாயையும் படகில் ஏற்றினாள். "சித்தப்பா, வரேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இருந்தாலும் விதி விதிதானே.

அடுத்த நடையில் போகலாம் என்று டங்கன் பெட்டியோடு கரையில் நின்றார். அடுத்த நடை வரவில்லை. அவள் கப்பலில் ஏறிவிட்டாள். வேறு யாருக்கும் அந்த இடைவெளி பிடிபடாது. கப்பல் எங்கள் மாவு மூட்டைகளோடு, படகையும் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பியது.

"ஐயோ, கூப்பிடுங்க அவளை! வேலை அவளுக்குத்தான்!" என்று டங்கன் அலறினார்.

"குழு கூடி முடிவு பண்ணணுமே தம்பி" என்றேன்.

"நான் ஒருத்தன் போதும்! எனக்குத்தான் அவ உறவு இல்லையே!"

"நேத்து வரைக்கும் இல்ல. ராத்திரி என் பொண்டாட்டி கையால சாப்பிட்டீங்க. இனிமே நீங்க எங்க புள்ள. நோரோவா உங்களுக்குத் தங்கச்சி."

டங்கன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சொந்தப் பெண்ணைக் கப்பலேற்றி அனுப்பிய குடும்பத்தில், முறைப்படி, அவரும் ஒருவராகிவிட்டார்.