தட்டு மாற்றும்போது நான் வாசித்த கிட்டார்

ஒரு கிட்டாரை வைத்து ஓர் ஊரையே ஐந்து நிமிடத்தில் காலி செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று அடித்துச் சொல்வேன். நான் செய்திருக்கிறேன். கால் முறிந்து கட்டிலில் கிடந்தவர் உட்பட ஒருவர் மிச்சமில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். (கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. அதை எங்கள் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு தியாகதுருகம். தினமும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு நர்சரி பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தேன். நாற்பது பிள்ளைகளைக் கத்திக் கத்தி அடக்கியதில் தொண்டை தகரம் ஆகிவிட்டது. பாட்டு இனி வராது, ஏதாவது வாசிக்கவாவது கற்றுக்கொள்வோம் என்று முடிவுசெய்து ஆன்லைனில் ஒரு கிட்டார் வாங்கினேன்.

இருப்பதிலேயே விலை குறைந்த கிட்டார்தான், ஆனால் கரண்டு கிட்டார். பார்க்கச் சாதாரண மரக் கிட்டார் மாதிரி இருக்கும். இடுப்பில் மட்டும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் நாலு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, உள்ளே சதுரமாக ஒரு பேட்டரி. கீழே ஒரு துளை. அதில் ஒயரைச் சொருகி மறுமுனையை ஸ்பீக்கரில் கொடுத்தால் கிட்டார் ஊருக்கே கேட்குமாம். கம்பிகளுக்கு அடியில் எங்கேயோ ஒளிந்திருக்கும் ஒரு மெல்லிய பட்டை, மரத்தின் நடுக்கத்தைப் பிடித்து மின்சாரமாக்கி அனுப்புகிறதாம். இதைப் படித்த அன்று கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் பிரமிப்பு இன்னும் கூடிப்போனது.

என்னிடம் ஸ்பீக்கர் கிடையாது. அதனால் எட்டு மாதம் ஒயரின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகி, மறுமுனையைத் தரையில் தொங்கவிட்டு, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். உரக்கடையில் வேலை செய்துவிட்டு அலுத்துப்போய் வரும் அப்பா வாசலிலேயே நின்றுவிடுவார்.

"இன்னாடி இது? ஒயரு எங்கியும் போவலையே, வெளக்கு மட்டும் எரியுது?"

"பேட்டரிப்பா."

"அப்ப ஒயரு எதுக்கு?"

எட்டு மாதத்தில் நான் கற்றது பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் மூன்று கார்டும் ஒரே ஒரு மெட்டும்தான். அந்த மெட்டும் நானே போட்டது. (வேறு யாருடையதையும் வாசிக்க வரவில்லை என்பதே உண்மைக் காரணம்.)

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு இடம் கூடி வந்தது. அக்கா மல்லிகா, தையல் கடை வைத்திருக்கிறாள். அப்போது இருபத்தொன்பது முடிந்திருந்தது. அதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தன. முதல் இடத்துக்கு ஜாதகம் சேரவில்லை. இரண்டாவது இடத்துக்கு எங்கள் வீட்டு ஓடு பிடிக்கவில்லை. மூன்றாவது இடத்துக்கு என்ன பிடிக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. "நல்ல நாள் பாத்துச் சொல்றோம்" என்று போனவர்கள், அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. நாலாவது இடம் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஆற்றோரக் கிராமம். மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயைத் திறந்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வழக்கப்படி நிச்சயம் பெண் வீட்டில்தான் நடக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா கால் முறிந்து படுத்திருந்ததால், அவர் கண்ணெதிரில் நடக்கட்டும் என்று அவர்கள் வீட்டிலேயே வைத்தார்கள். மேளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, ரெகார்டு போட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா போனில் சொன்னபோது, நான் போனைப் பிடுங்கி, "மாமா, நான் கிட்டார் வாசிக்கிறேன்" என்றேன். யார் கேட்டார்கள் என்னை? ஒருவரும் கேட்கவில்லை. அந்த மனிதர் தங்கமானவர், "வாசி கண்ணு, நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பூங்கொடி, இது ஒண்ணாவது நல்லபடியா முடியணும்டி. நீ எதுவும் பண்ணித் தொலைச்சிடாத" என்றாள். "நான் இன்னாத்த பண்ணப் போறேன்?" என்று கோபித்துக்கொண்டேன்.

ஐப்பசியின் முதல் முகூர்த்தம். நல்ல மழைக்காலம். வேனை விட்டு இறங்கியதும் நான் மலையைப் பார்த்து நின்றுவிட்டேன். தினமும் தூரத்தில் நீலக் கோடாகப் பார்த்த மலை, இங்கே வீட்டுக் கொல்லையிலேயே எழுந்து நின்றது. பந்தல், வீடு, வயல், ஆறு, அதற்கப்புறம் மலை. மேலே கோமுகி அணை. மாமா எங்களை வரவேற்று, மோர் கொடுத்து, ஊர் நிலவரமும் சொன்னார். "அணை ரொம்பிக்கினு இருக்குதுங்க. எப்ப வேணா தொறப்பாங்க. சைரன் சத்தம் கேட்டா ஆத்தோரம் மாடு கன்னு ஒண்ணும் இருக்கக் கூடாது, எல்லாம் மேட்டுக்குப் போயிடணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கம்பிக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மைக் செட்டுக்காரர் அந்த ஊர்க்காரர்தான், பெயர் தனபால். இரண்டு குழாய் ஸ்பீக்கரைத் தென்னைமரங்களில் மலையைப் பார்க்கக் கட்டி, ஆள் உயரப் பெட்டி ஒன்றைப் பந்தலுக்குள் வைத்திருந்தார். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அட, இதுக்கு அடியிலியா தொப்புளு?" என்று கேட்டு ஒயரைச் சொருகினார்.

நான் தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினேன்.

என்னவென்று சொல்ல! எட்டு மாதமாக என் மடிக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்த சத்தம், பந்தலைத் தாண்டி, வயலைத் தாண்டி, ஆற்றைத் தாண்டிப் போய் மலையில் மோதித் திரும்பி வந்தது. நான் அனுப்பியதைவிடப் பெரியதாக வந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். மெதுவாக, "இது நம்ம வூட்டுதா?" என்று கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"அண்ணா, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

"ஜாஸ்தி ஏத்துனா கத்தும்மா."

"கத்தட்டும்ணா."

முகூர்த்த நேரம் வந்தது. அப்பாவும் மாமாவும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் முன்னாலும் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூ வைத்த தட்டு. பெரியப்பாவைக் கட்டிலோடு பந்தலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பா "எங்க பொண்ண உங்க பையனுக்கு" என்று மூன்று தடவை சொல்லி முடித்து எங்கள் தட்டை நீட்டினார். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் தட்டை அப்பா வாங்க வேண்டியதுதான் பாக்கி. மங்கள இசைக்கு எனக்குச் சைகை வந்தது.

நல்ல இடமாகப் பார்த்து, அந்த ஆள் உயரப் பெட்டிக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். அது எத்தனை பெரிய மடத்தனம் என்று இப்போது தெரியும். பெட்டியின் சத்தம் கிட்டார் வயிற்றில் மோதி, கிட்டார் அதைத் திரும்பப் பெட்டிக்கே அனுப்பி, இரண்டும் மாற்றி மாற்றி ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளும். நான் முதல் கார்டைத்தான் போட்டேன். அது அடங்கவில்லை. "ஊம்ம்ம்" என்று தொடங்கி, "ஊஊஊஊ" என்று ஏறி, குழாய் வழியாக மலைக்குப் போய், திரும்பி வந்து, இன்னும் ஏறியது. நான் பதறிப்போய்க் குமிழைத் திருகினேன். (எந்தப் பக்கம் திருகினேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

யாரோ ஒரு குரல்: "சைரன்! தண்ணி வுட்டுட்டாங்கடா!"

அதன்பிறகு நான் பார்த்ததை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கூச்சல் இல்லை, குழப்பம் இல்லை. அவரவர்க்கு என்ன வேலை என்று அவரவர்க்குத் தெரிந்திருந்தது. ஒரு கூட்டம் ஆற்றுக்குள் இறங்கி மாடுகளை ஓட்டியது. பெண்கள் துவைத்துக் காயப்போட்ட துணிகளை ஒரே இழுப்பில் சுருட்டினார்கள். நாலு பேர் பெரியப்பாவைக் கட்டிலோடு தோளில் ஏற்றினார்கள். சமையல்காரர்கள் கொதிக்கிற சாம்பார் அண்டாவில் கொம்பு கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒரு சொட்டு சிந்தவில்லை. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி இரண்டு கன்றுக்குட்டிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு ஓடினார். எங்கள் பக்கத்து ஜனமும் என்ன ஏதென்று கேட்காமல் பின்னாலேயே ஓடியது. தலைமுறை தலைமுறையாக ஆற்றோடு வாழ்ந்து பழகியவர்களின் ஒழுங்கு அது. பயத்தையும் மீறி நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செட்டை அணைக்க வேண்டிய தனபால் அண்ணனும் எருமையை அவிழ்க்க ஓடிவிட்டார். பந்தலில் நானும் ஊளையிடும் கிட்டாரும்தான் பாக்கி. கையும் காலும் நகரவில்லை. அப்போது பட்டுப்புடவையோடு அக்கா வந்தாள். ஆறு கம்பியின் மேலும் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சத்தம் நின்றது. மலையில் மிச்சமிருந்ததும் மெல்ல அடங்கியது. அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"கைய எடுத்தா மறுபடியும் கத்துமா?"

"தெரியலக்கா."

அவள் இன்னொரு கையால் ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். குழாயில் "டொம்ம்ம்" என்று ஒரு வெடிச்சத்தம் போயிற்று. மேட்டிலிருந்து ஒரே குரலாக, "மதகு தொறந்துட்டாங்க!" என்று கேட்டது.

அரை மணி நேரம் ஆனது. தண்ணீர் வரவில்லை. யாரோ அணையில் வேலை செய்யும் சொந்தக்காரருக்குப் போன் போட்டார்கள். "நாங்க சைரனே அடிக்கலையே. நாங்களும் இன்னா சத்தம்னு வெளிய வந்து பாத்துக்கினு இருக்கோம்" என்றார் அவர். மேட்டில் இருந்த அத்தனை தலையும் கீழே பந்தலைப் பார்த்துத் திரும்பியது. நான் கிட்டாரைப் பின்னால் மறைத்தேன். அது மறையும் பொருள் இல்லை.

திரும்பி வந்தவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. மாமாவின் அக்கா அப்பாவைக் கூப்பிட்டுப் பாயைக் காட்டினார். அவர்கள் தட்டு அங்கேயே இருந்தது. ஓர் ஆடு வெற்றிலையைத் தின்று முடித்துப் பழத்துக்கு வந்திருந்தது.

"ஒரு தட்டு மாறிச்சி, ஒரு தட்டு மாறல. பாதியில நின்னது நல்லால்ல தம்பி. வேற நாள் பாத்துக்கலாம்."

வேற நாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பூமி பிளந்து என்னையும் கிட்டாரையும் சேர்த்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "ஆமா, சத்தத்த யாரு நிறுத்துனது?"

அக்கா மெதுவாகக் கையை உயர்த்தினாள். உள்ளங்கையில் ஆறு கோடு சிவந்திருந்தது.

"ஊரே ஓடுச்சே, நீ ஓடலையாம்மா?"

"தங்கச்சி நின்னுக்கினு இருந்தாளே அத்தை" என்றாள் அக்கா.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் மேட்டிலிருந்து கடைசி ஆளாக மாமா இறங்கி வந்தார். காலில் செருப்பு இல்லை, தோளில் துண்டு இல்லை. முழங்கால்வரை சேறு. இரண்டு கையிலும் எங்கள் தட்டு. தேங்காய் உருளவில்லை, பூ கலையவில்லை, ஒரு பாக்குகூட விழவில்லை.

நடந்ததைக் கேட்டுவிட்டுத் தன் அக்காவிடம் சொன்னார்: "வெள்ளம்னு நெனச்சி ஓடுனேன். செருப்ப வுட்டேன், துண்ட வுட்டேன், கட்டுன பொண்டாட்டிய வுட்டேன். இந்தத் தட்ட வுட்டனா? இதுக்கு மேல இன்னாத்தக்கா மாத்தறது?"

"பொண்டாட்டிய வுட்டதப் பத்தி வூட்டுக்குள்ள பேசிக்கலாம்" என்றார் அத்தை. பெரியப்பாதான் கட்டிலில் இருந்தபடி முதலில் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. ஆட்டை விரட்டி, புது வெற்றிலை வைத்து, அந்தத் தட்டை அப்பா கையில் கொடுத்தார்கள். இசை வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அக்கா அந்த வீட்டுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் கிட்டார் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் அதைப் பையிலிருந்து எடுத்தால் போதும், அத்தை எழுந்து போய்க் கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே வைப்பார். போன தையில் அக்கா மகளுக்குக் காது குத்தினார்கள். "சித்தி வாசிக்கணும்" என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். தனபால் அண்ணன் பெட்டியை எனக்குப் பின்னால் வைக்காமல், எதிரில் வைக்காமல், பக்கத்துத் தெருவிலேயே வைத்துவிட்டார். தடித்த கம்பியை ஒரு தடவை மீட்டினேன். சத்தம் ஆற்றைத் தாண்டிப் போய் மலையைத் தொட்டுத் திரும்பி வந்தது. எனக்கு அன்று போலவே உடம்பு சிலிர்த்தது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். மாமா மட்டும் மெல்ல எழுந்து போய், சீர்த்தட்டை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாசி கண்ணு" என்றார்.